அடுத்து எந்தப் படம்?

இலங்கையின் பொல்கொல்லையில் திசைதிருப்பப்படும் மகாவலி ஆற்று நீர், மலைக்குள்ளே சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கவழி வந்து, உக்குவளை மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றிவிட்டுச் சுது கங்கையில் சேர்கிறது. 1976 முதல் இது நடக்கிறது. ஆற்றங்கரையில் ஒரு முதியவர் அந்த நீரைப் பார்த்தபடி நிற்பதை, உக்குவளை இளைஞர் ஒருவர் 7 நிமிடக் குறும்படமாக எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் பேச்சில்லை. முதியவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

ஒரு சர்வதேசக் குறும்பட விழாவில், அணைக்கட்டுக்காக ஊரை இழந்தவர்களைப் பற்றிய படம் முடிந்ததும் இது ஓடினால், அந்த முகத்தில் நமக்குத் துயரம் தெரியலாம். வறண்ட வயலுக்கு வாய்க்கால் நீர் வந்துசேரும் படத்துக்குப் பிறகு ஓடினால், அதே முகத்தில் நிறைவு தெரியலாம். படம் அப்படியேதான் இருக்கிறது. வரிசை மட்டும் மாறியிருக்கிறது. விழாவை நடத்துகிறவரின் தொழில்நுணுக்கம் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

இதை நூறாண்டுக்கு முன்பே ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் சோதித்தார். நடிகர் மொசுகினின் ஒரே முகக்காட்சியைச் சூப்புக் கிண்ணம், சவப்பெட்டி போன்ற வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் ஒரே முகத்தில் பசியையும் சோகத்தையும் கண்டார்களாம். பிற்கால ஆய்வுகள் எல்லாமே அவர் சொன்னதை உறுதிப்படுத்திவிடவில்லை. ஆனால் 2006இல் லண்டன் ஆய்வாளர்கள், உணர்ச்சி அதிகம் காட்டாத முகங்களை இனிய காட்சிகளோடும் கொடிய காட்சிகளோடும் சேர்த்துக் காட்டி, பார்ப்பவர்களின் மூளையைப் படமெடுத்தார்கள். முகத்துக்குக் கொடுத்த மதிப்பீடும் மாறியது, மூளையின் சில பகுதிகளின் செயற்பாடும் மாறியது. குலெஷோவ் காட்சிக்கும் காட்சிக்கும் இடையில் தேடியதை, விழாப் பணிப்பாளர் படத்துக்கும் படத்துக்கும் இடையில் கையாள்கிறார்.

நினைவுக்கும் இதில் பங்குண்டு. ஒரு பட்டியலைக் கேட்டால் முதலில் வந்தவையும் கடைசியில் வந்தவையும் நன்றாக நினைவில் நிற்கும், நடுவில் உள்ளவை நழுவும் என்பது உளவியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. ஒன்றரை மணிநேரத்தில் ஆறேழு குறும்படங்களை அடுக்குபவர், நடுவில் வரும் மெல்லிய படம் தொலைந்துபோகாமல் காக்க வேண்டும். கனமான படத்துக்குப் பின் மூச்சுவிட இடம் தரவேண்டும். நல்ல அடுக்கில் ஒவ்வொரு படமும் தனியாகப் பார்த்ததைவிடப் பெரிதாகத் தெரியும்.

இந்தக் கலைக்கு வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? ஜேர்மனியின் ஓபர்ஹவுசனில் 1954இல் குறும்பட விழாவைத் தொடங்கிய ஹில்மர் ஹோஃப்மன், அந்நகரின் வளர்ந்தோர் கல்வி நிலையத்தை நடத்தியவர். 1962இல் அந்த விழாவில்தான் 26 இளம் படைப்பாளிகள் புதிய ஜேர்மன் சினிமாவுக்கான அறிக்கையை வெளியிட்டார்கள். பிரான்சின் கிளெர்மோன் ஃபெரான் விழா, 1979இல் பல்கலைக்கழகத் திரைப்படச் சங்க மாணவர்கள் நடத்திய குறும்பட வாரத்திலிருந்து வளர்ந்தது. கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் கலை இயக்குநராகப் பல ஆண்டுகள் இருந்த பீனா பால், தொழிலால் படத்தொகுப்பாளர். காட்சிகளை ஒட்டிப் பழகிய கைக்குப் படங்களை அடுக்குவது அந்நியமான வேலையல்ல. யாழ்ப்பாணத்தில் 2015இல் தொடங்கிய சர்வதேசத் திரைப்பட விழாவின் பணிப்பாளர் அனோமா ராஜகருணா, புகைப்படக் கலைஞர், ஆவணப்பட இயக்குநர்.

ஆசிரியப்பணி, மாணவர் சங்கம், தொகுப்பு மேசை, கமரா எனப் பாதைகள் வேறு. ஆனால் நால்வகையினருக்கும் ஒரு பழக்கம் தேவை. தமக்குப் பிடித்ததைத் தாம் மட்டும் பார்த்து ஓய்ந்துவிடாமல், பிறர் பார்க்கும்போது அவர்கள் முகத்தையும் கவனிக்க வேண்டும்.

எனவே உக்குவளையிலிருந்தும் இந்தத் தொழிலுக்கு வழி உண்டு. பாடசாலை மண்டபமோ நூலகமோ போதும். உரியவர்களிடம் அனுமதி பெற்று ஐந்து குறும்படங்களை ஒரு மாலையில் திரையிடுங்கள். மறுவாரம் வேறு பார்வையாளர்களுக்கு அதே ஐந்தையும் வரிசை மாற்றிக் காட்டுங்கள். எங்கே சிரித்தார்கள், எங்கே கைப்பேசியை எடுத்தார்கள், வீடு திரும்பும்போது எந்தப் படத்தைப் பற்றிப் பேசினார்கள் என்று குறித்துவையுங்கள். அந்த இரண்டு குறிப்புகளுக்கும் இடையிலான வேறுபாட்டைப் படிக்கத் தெரிந்தவர், விழா நடத்தும் தொழிலின் முதல் பாடத்தைக் கற்றுவிட்டார்.