நோய் வர முப்பது வருஷம், இழப்பீடு கேட்க இரண்டு வருஷம்

கல்நார் தூசியால் நுரையீரல் கெட்டவர்களுக்குச் சட்டம் என்ன தருகிறது, எங்கே கைவிடுகிறது?

ஆனி, ஆடியில் கணவாய் வழியாக இறங்கும் காற்று கம்பம் பள்ளத்தாக்கில் தென்னையையும் வாழையையும் மட்டும் பதம் பார்ப்பதில்லை. கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரை, போல்ட் தளர்ந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளையும் பெயர்த்துப் போடுகிறது. காற்று ஓய்ந்ததும் ஷீட் மாற்றும் வேலை தொடங்கும். கட்டிங் மெஷினை வைத்து அறுத்தால் வெள்ளைப் புகைபோலத் தூசி கிளம்பும். அறுப்பவர் துண்டால் மூக்கைக் கட்டியிருந்தால் அதுவே பெரிய பாதுகாப்பு. உடைந்த துண்டுகள் மாட்டுக்கொட்டத்துக்குத் தடுப்பாகும். மிச்சம் ஓடைக்குப் போகும்.

அந்தத் தூசியில் இருப்பது கல்நார். தமிழில் இதைவிடப் பொருத்தமான பெயர் வைத்திருக்க முடியாது: கல்லாகவும் இருக்கும், நாராகவும் பிரியும், தீயில் வேகாது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய அந்த நார் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் அடியாழத்தில் தங்கிவிடுகிறது. உடம்பால் அதைக் கரைக்கவும் முடிவதில்லை, வெளியே தள்ளவும் முடிவதில்லை. அதைச் சுற்றித் தழும்பு ஏறி, நுரையீரல் விறைத்துப்போவது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோயும் வரலாம். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவருக்கு அந்த ஆபத்து பல மடங்கு. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்குக் கல்நாரே முதன்மைக் காரணம். வேலையிடத்தில் கல்நாரைச் சுவாசித்ததால் உலகெங்கும் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

ஷீட் கூரையின் கீழ் குடியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவு தூங்காமல் இருக்க வேண்டாம். உடையாத ஷீட்டில் நாரைச் சிமென்ட் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும். அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைக்கும்போதும், பழசாகி உதிரும்போதும்தான் அது கிளம்புகிறது. ஆகவே முதலில் கவலைப்பட வேண்டியவர்கள் ஷீட் ஆலையில் வேலை பார்த்தவர்கள், வருஷக்கணக்கில் ஷீட் அறுத்தவர்கள், பழைய கட்டடம் இடிப்பவர்கள், பாய்லருக்குக் கல்நார்க் கயிறு சுற்றியவர்கள், லாரிப் பட்டறையில் பழைய பிரேக் லைனிங் தூசியைக் காற்றடித்து ஊதியவர்கள். கோவை போத்தனூரிலும் அரக்கோணத்திலும் கல்நார் சிமென்ட் ஷீட் ஆலைகள் பல பத்தாண்டுகளாக இயங்கிவந்திருக்கின்றன. பள்ளத்தாக்கிலிருந்து கோவைக்கும் சென்னைக்கும் மும்பைக்கும் பிழைக்கப் போய், உடம்பு தளர்ந்து ஊர் திரும்பியவர்கள் எந்தத் தெருவில் இல்லை?

சட்டத்தில் உரிமை இருக்கிறது

பலருக்குத் தெரியாத செய்தி இது. 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் வேலையால் வரும் நோயையும் விபத்தாகவே பார்க்கிறது. அதன் மூன்றாம் அட்டவணையில் ஆஸ்பெஸ்டோசிஸ் இருக்கிறது. கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் இருக்கின்றன. பஞ்சாலைத் தூசியால் வரும் பிசினோசிசும் அதே அட்டவணையில் உண்டு என்பதைத் தேனி, ஆண்டிபட்டிப் பக்கத்து மில் தொழிலாளர்கள் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு கிடைக்கும்? மாதச் சம்பளம், வயதுக்கேற்ற ஒரு காரணி எண், வேலைத்திறன் எவ்வளவு போயிற்று என்று மருத்துவர் சொல்லும் சதவீதம் ஆகிய மூன்றும் சேர்ந்து தொகையை முடிவுசெய்கின்றன. சம்பளம் அதிகமாக இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய் வரைதான் எடுத்துக்கொள்வார்கள். 2020 ஜனவரியில் வந்த உச்சவரம்பு அது. ஐம்பது வயதுக்காரருக்குக் காரணி 153.09. அவர் இனி எந்த வேலையும் செய்ய முடியாது என்றாகிவிட்டால், 15,000 ரூபாயில் 60 சதவீதமான 9,000 ரூபாயை 153.09 ஆல் பெருக்க வேண்டும். 13,77,810 ரூபாய் வரும். இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 50 சதவீதக் கணக்கில் 11,48,175 ரூபாய். வேலைத்திறனில் 30 சதவீதம்தான் போயிற்று என்று மருத்துவர் எழுதினால் முதல் தொகையில் 30 சதவீதம். வயது ஏற ஏறக் காரணி இறங்கும். அறுபது வயதில் அது 117.41. பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் முதலாளி இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி சேரும். சரியான காரணம் இல்லாவிட்டால் தொகையில் பாதி வரை அபராதமும் விழலாம்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவருக்குப் பாதை வேறு. அவர் முதலாளியிடம் கேட்க முடியாது, இ.எஸ்.ஐ. கழகத்திடம்தான் கேட்க வேண்டும். அங்கே மொத்தத் தொகை கிடையாது. மருத்துவக் குழு முடிவுசெய்யும் ஊனச் சதவீதத்துக்கு ஏற்ப மாதாமாதம் வாழ்நாள் முழுக்கப் பணம் வரும். முழு ஊனத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம். நிலையாக வருவது என்பதால் என் கணக்கில் இதுவே மேல்.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்ததும் பணியாளர் இழப்பீட்டுச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டன. கணக்கின் அடிப்படையும் நோய் அட்டவணையும் அங்கேயும் தொடர்கின்றன. ஆனால் மனுவை எந்தச் சட்டத்தின் கீழ், எந்தப் படிவத்தில் போடுவது என்பதைத் தொழிலாளர் அலுவலகத்திலோ தொழிற்சங்கத்திலோ கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டிய காலம் இது.

உச்ச நீதிமன்றமும் இதில் பேசியிருக்கிறது. அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று வந்த தீர்ப்பு, தொழிலாளியின் உடல்நலம் வாழும் உரிமையின் பகுதி என்றது. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட பிறகு 15 ஆண்டுகள், இதில் எது பிந்தையதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. வழக்கில் சம்பந்தப்பட்ட தொழிலாளர்களை அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் பரிசோதிக்க வேண்டும், நோய் உறுதியானால் தலைக்கு 1 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

எங்கே கைவிடுகிறது?

கல்நார் நோய் நிதானமானது. ஆஸ்பெஸ்டோசிஸ் தலைகாட்டப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். மீசோதீலியோமாவுக்கு முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். 1923ஆம் ஆண்டின் சட்டமோ, வேலையை விட்டு இரண்டு ஆண்டுகளுக்குள் நோயின் அறிகுறி தெரிந்தால் அதைக் கணக்கில் எடுத்தது. மனுப்போடவும் இரண்டு ஆண்டுகள் தந்தது. இருபத்தைந்து வயதில் ஷீட் ஆலையில் சேர்ந்து நாற்பதில் ஊர் திரும்பியவருக்கு ஐம்பத்தெட்டில் மூச்சு வாங்கினால், சட்டத்தின் கடிகாரம் எப்போதோ நின்றிருக்கும். வேலையை விட்ட பிறகும் பதிவேட்டை 15 ஆண்டுகள் வைத்திரு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது நோயின் குணம் தெரிந்துதான். இழப்பீட்டுச் சட்டத்துக்கு அந்த அறிவு இன்னும் எட்டவில்லை.

முழுக்கக் கதவு சாத்தப்பட்டுவிடவும் இல்லை. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மனுவை ஏற்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. நோயே தாமதமாகத்தான் வரும் என்பதைவிடத் தக்க காரணம் வேறென்ன? பல இடங்களில் வேலை பார்த்திருந்தால், எந்த இடத்துத் தூசி என்று நீங்கள் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பெஸ்டோசிஸ் போன்ற நோய்களில் பொறுப்பை முதலாளிகளுக்குள் பங்கிடுவது ஆணையரின் வேலை. ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்தவர் மூல நிறுவனத்திடமே கேட்கலாம். மிக முக்கியமான இன்னொன்று: ஆலை மும்பையில் இருந்தாலும் மனுவைத் தூக்கிக்கொண்டு மும்பைக்குப் போக வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய தொழிலாளர் துணை ஆணையரிடமே போடலாம்.

இரண்டாவது இடறல் மருத்துவமனையில். இருமல், மூச்சு வாங்கல், எடை குறைதல் என்று போனால் நம் ஊரில் முதல் சந்தேகம் காசநோய்தான். அதில் மருத்துவரைக் குறை சொல்ல முடியாது, இங்கே அதுதான் அதிகம். ஆனால் சளியில் கிருமி இல்லை, மாத்திரை தின்றும் மூச்சு சீராகவில்லை என்றால் அடுத்த கேள்வி எழ வேண்டும்: என்ன வேலை பார்த்தீர்கள்? நெரிசலான புறநோயாளர் பிரிவில் யாரும் கேட்காத கேள்வி அது. நாமாகவே சொன்னால்தான் உண்டு.

வேலைக்கே போகாதவருக்கு, அதாவது கணவரின் தூசி படிந்த சட்டையைத் துவைத்தே நோயை வாங்கிக்கொண்ட பெண்ணுக்கு, இந்தியச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை. பிரிட்டனில் 2008இல் வந்த திட்டம் அப்படி மீசோதீலியோமா வந்தவர்களுக்கும் தொகை தருகிறது. ஜப்பானில் அமகசாகியின் குபோட்டா ஆலையைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்கே மீசோதீலியோமா வந்தது 2005இல் வெளியானது. மறு ஆண்டே ஆலைக்கு வெளியே இருந்தவர்களுக்கும் உதவும் சட்டம் வந்துவிட்டது. ராஜஸ்தான் 2019இல் தூசுநோய்களுக்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. கல்குவாரித் தொழிலாளர்களின் சிலிகோசிசை மனதில் வைத்து எழுந்த அந்தக் கொள்கை, நோய் சான்றானதும் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் என்று அரசின் வழியாகவே தருகிறது. முதலாளியைத் தேடிப்பிடிக்கும் அலைச்சல் அதில் இல்லை. தமிழ்நாடு பின்பற்றத்தக்க வழி இதுதான் என்பது என் கருத்து.

மலைமேல் ஒரு முன்னுதாரணம்

அலைந்தால் கிடைக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. பதில் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் பாதரச வெப்பமானி ஆலை 2001 மார்ச்சில் மூடப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக்கடையில் கிடந்தது அம்பலமானதால் வந்த முடிவு அது. ஆலை நின்ற சரிவின் கீழே பாம்பார்ச் சோலை. அந்தப் பாம்பாறுதான் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது. முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகக் கூடினார்கள், 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் கருணைத்தொகை தரும் உடன்பாடு ஏற்பட்டது. தொகை எவ்வளவு என்று வெளியிடவில்லை. வேலையால்தான் நோய் வந்தது என்று நிறுவனம் ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்த அந்தப் பணம் தனியாள் போட்ட மனுவுக்கு வரவில்லை, ஒன்றாக நின்றவர்களுக்கு வந்தது.

இப்போதே செய்ய வேண்டியது

ஊர் திரும்பியவர்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய சம்பளச் சீட்டு, ஆலை அடையாள அட்டை, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை, வேலையை விட்டபோது கொடுத்த சான்று, எது கிடைத்தாலும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். உடன் வேலை பார்த்தவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். நாளைக்கு அவர்களே சாட்சி. ஷீட் வேலை, இடிப்பு வேலை பார்ப்பவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து, அட்டையைப் புதுப்பித்து வையுங்கள். இன்ன தொழில் செய்தார் என்பதற்கு அரசு முத்திரையோடு இருக்கும் ஒரே தாள் பலருக்கு அதுதான்.

சிகிச்சைச் செலவுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடங்கும். அது இழப்பீடு அல்ல, அதை வாங்கியதால் இழப்பீடு கேட்கும் உரிமையும் போய்விடாது.

க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, தோப்பூர் நெஞ்சக மருத்துவமனைக்கோ அடுத்த முறை போகும்போது, எந்த ஊரில், எந்த ஆலையில், எத்தனை வருஷம், என்ன தூசியில் வேலை பார்த்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லி, ஓ.பி. சீட்டில் எழுதித்தரச் சொல்லுங்கள். எழுதியதை வீட்டுக்கு வந்ததும் நகல் எடுத்து வையுங்கள்.