உணவும் வாழ்க்கை முறையும் மார்பகப் புற்றுநோயும்

இலங்கைப் பெண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் எண்ணிக்கையில் முதலிடம் பெறுவது மார்பகப் புற்றுநோயாகும். உலகெங்கும் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களிடம் இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. இதற்கு உணவும் வாழ்க்கை முறையும் எவ்வளவு காரணம் என்பது, ஜிந்துப்பிட்டி போன்ற நெருக்கமான நகர்ப்பகுதிகளில் வாழும் பெண்கள் தெளிந்துகொள்ளவேண்டிய செய்தியாகும்.

மார்பகத்தின் பாற்குழாய்களிலும் பாற்சுரப்பிகளிலும் உள்ள கலங்கள் கட்டுப்பாடிழந்து பெருகுவதே இந்நோய். அப்பெருக்கத்தைத் தூண்டுவனவற்றுள் ஈஸ்திரசன் என்னும் பெண்மை ஓமோன் முக்கியமானது. பிள்ளைப் பேறும் பாலூட்டலும் நோயின் வாய்ப்பைக் குறைப்பன. 1926இல் இங்கிலாந்தில் ஜெனற் லேன் கிளேப்பன் என்னும் மருத்துவ அறிஞர், நோயுற்ற ஏறத்தாழ 500 பெண்களை அதே அளவினரான நோயற்ற பெண்களோடு ஒப்பிட்டு இவ்வுண்மையைப் புலப்படுத்தினார். 2002இல், 30 நாடுகளில் நிகழ்ந்த 47 ஆய்வுகளை ஒருங்கே நோக்கிய அறிஞர்கள், தாய் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அபாயம் 4.3 வீதம் குறைவதாகக் கணித்தனர்.

இனி, உணவு. கொழுப்பைக் குறைத்தால் நோய் குறையுமா என்பதை அறிய, அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களிடையே ஏறத்தாழ எட்டாண்டுகள் ஒரு சோதனை நிகழ்ந்தது. 2006இல் வெளியான அதன் முடிவு, உறுதியான பயன் எதனையும் காட்டவில்லை. எனவே, சொதியையோ சம்பலையோ குற்றவாளியாக்க இடமில்லை. ஆயினும் உணவு பொருட்டன்று என்பதும் தவறு. மாதவிடாய் நின்ற பின்னர் சூலகங்கள் ஓய்ந்துவிட, உடற்கொழுப்பே ஈஸ்திரசன் பிறக்கும் முக்கிய இடமாகிறது. ஆகவே, அவ்வயதில் உடல் பருத்தல் அபாயத்தைக் கூட்டும். உணவின் பங்கு பெரிதும் இவ்வழியாலேயே அமைகின்றது.

சோற்றின் அளவைச் சிறிது குறைத்து, தவிடு நீக்காத சிவப்பரிசி, பயறு, மீன், வல்லாரை, பொன்னாங்காணி ஆகியவற்றுக்கு இடமளித்தல் நன்று. சீனி மிகுந்த பாற்றேநீரும் மாலைதோறும் கடையில் வாங்கும் கொத்து ரொட்டியும் எடையை ஏற்றுவன. உடலுழைப்பும் வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஜிந்துப்பிட்டியிலிருந்து செட்டியார் தெருவுக்கோ கொட்டாஞ்சேனைக்கோ முச்சக்கர வண்டியை விடுத்து நடந்து சென்றாலே இதன் பெரும்பகுதி நிறைவேறிவிடும். மதுவோ, சிறிதளவாயினும் அபாயத்தைக் கூட்டும்.

எனினும், இவையெல்லாம் வாய்ப்பைக் குறைப்பனவேயன்றி நோய் வாராது என்று உறுதியளிப்பன அல்ல. வயது முதிர்தலும், சிலரிடம் பரம்பரையாக வரும் மரபுக்குறையும் ஒருவர் விருப்பத்துக்கு உட்பட்டவை அல்ல. மெலிந்த உடலும் மரக்கறி உணவும் உடைய, பல பிள்ளைகளைப் பாலூட்டி வளர்த்த தாய்க்கும் இந்நோய் வரலாம். அவள் எதை உண்டாள், என்ன பிழை செய்தாள் என்று சுற்றத்தார் ஆராய்வது அறியாமை. அப்பழிச்சொல்லுக்கு அஞ்சியே சிலர் கட்டியை மறைக்கின்றனர். வேறு சிலர் இலைச்சாற்றையும் பத்தியத்தையும் நம்பிக் காலங்கடத்துகின்றனர். நோவில்லாத கட்டியும் நோயின் அறிகுறியாகலாம் என்பதை அன்னார் அறியார். தொடக்கத்தில் எளிதாக நீக்கக்கூடிய நோய் முற்றிப் பரவுவதற்கு இத்தாமதமே வழிவகுக்கின்றது.

மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோல் குழிதல், முலைக்காம்பு உள்ளிழுபடுதல், இரத்தக் கசிவு என்பவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால், அதனைத் துணிந்து சொல்லவேண்டியது பரிசோதனையே. 35 வயதைக் கடந்த பெண்களுக்காக 1996இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகளிலும், நாரஹேன்பிட்டியில் உள்ள புற்றுநோய் முற்கண்டறி நிலையத்திலும் மார்பகப் பரிசோதனை நடைபெறுகின்றது. சிகிச்சைக்கு மகரகமையில் அபேக்ஷா மருத்துவமனை உளது. அங்குக் கட்டணம் இல்லை.

அளவறிந்து உண்பதும் நடப்பதும் பெண்ணுக்கு நலந்தரும் நற்பழக்கங்கள். அவற்றோடு, கண்ட கட்டியை மறைக்காது காட்டும் துணிவும், அத்துணிவுக்குத் துணைநிற்கும் குடும்பமும் அமையுமாயின், பல உயிர்கள் காக்கப்படும்.