பினாங்கில் இரண்டு தினங்கள்

மலேசியாவின் மேற்குக் கரையை அடுத்த பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் நகருக்கு இரண்டு தினங்களே தங்கச் செல்வோர், காணவேண்டியவற்றைக் குறித்துக்கொள்ளுமுன் விடவேண்டியவற்றைத் தீர்மானித்தல் உசிதம் என்பது நமது அபிப்பிராயம். பத்து ஃபெரிங்கிக் கடற்கரையை நாம் தயங்காது விட்டுவிடுவோம். கடலும் மணலும் நம் நாட்டிலேயே உள்ளன அல்லவா?

பூமத்திய ரேகைக்கு அணித்தான இவ்வூரில் நண்பகல் நடை பெருந்துன்பம். ஆதலின் முதல் நாட் காலையிலேயே, முன்பு பிட் வீதி எனப்பட்டு இன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரால் வழங்கும் வீதியை நடந்து காணல் வேண்டும். 1818இல் கட்டி முடிந்த செயின்ட் ஜார்ஜ் ஆலயம், சீனரது குவான் இன் கோயில், அடுத்த வீதியில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில், தென்னிந்திய முஸ்லிம்கள் 1801இல் நிறுவிய அப்பள்ளிவாசல் ஆகிய நான்கும் அரை மைலுக்குள் அடங்குகின்றன. வாகனத்தில் விரைவோர்க்கு இவ்வயன்மை புலனாகாது. நகரின் பழம்பகுதி 2008இல் உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்கப்பட்டதற்கு இத்தகைய கூட்டுவாழ்வும் ஒரு காரணமாகும். தொழுகை வேளையை விலக்கி, அடக்கமான உடையுடன் செல்க.

மறுநாள் அதிகாலையில், முகில் கவியுமுன், 1923இல் ஓடத்தொடங்கிய மலை ரயிலில் பினாங்கு மலைக்கு ஏறலாம். விடுமுறை நாட்களில் நெரிசல் மிகுதி. மலையடிவாரத்தை அடுத்தே கெக் லோக் சி என்னும் பெரிய பௌத்தக் கோயில் இருத்தலின், இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்க.

மாலை உணவுக்கு நாசி கந்தர் உண்க. தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் காவடியாகத் தோளிற் சுமந்து விற்றமையால் வந்த பெயர் அது.