கறவைப் பசுவின் மனமும் பாலின் அளவும்

மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தியாகராய நகரிலும் பால் வியாபாரிகள் பசுவை வீட்டு வாயிலுக்கே ஓட்டி வந்து கறந்து கொடுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. தண்ணீர் கலவாத பாலைக் கண்ணாரக் கண்டு வாங்கலாம் என்பதே வீட்டார் கருதிய பயன். அப்பசுக்களிற் பலவற்றின் பின்னே கன்று வராது. கறப்பவர் கக்கத்தில் வைக்கோற் கன்றொன்றை இடுக்கி வருவார். இறந்த கன்றின் தோலை உலர்த்தி, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்த உரு அது. பசு அதை முகர்ந்து நக்கும். நக்கும்போதே பால் இறங்கும்.

இதனைக் கண்டு பசுவின் பேதைமையை எண்ணி நகைத்தோர் உண்டு. ஆனால் பால் தீவனத்தை மட்டும் பொறுத்ததன்று, பசுவின் மனத்தையும் பொறுத்தது என்பதை அப்பால்காரர் நன்கு அறிந்திருந்தனர் என்றே சொல்லவேண்டும்.

மடியிற் பால் நிறைந்திருப்பது வேறு. அது காம்புக்கு இறங்குவது வேறு. கன்று முட்டும்போதும், மடியைக் கழுவித் தடவும்போதும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் என்னும் பொருள் இரத்தத்திற் கலக்கிறது. ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் அது மடியில் வேலை செய்யத் தொடங்கிப் பாலை வெளியே தள்ளும். அதன் வேகம் சில நிமிஷங்களே நிற்கும். அச்சமோ வலியோ உண்டானால் அட்ரினலின் என்னும் வேறொரு பொருள் சுரந்து இதைத் தடுத்துவிடும். 1941-இல் அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்னும் இருவர், கறவை நேரத்தில் காகிதப் பைகளை வெடித்துப் பசுக்களை வெருட்டி, பால் குறைவதைக் காட்டினர். பசு பாலை எக்கிக்கொண்டது என்று நம் குடியானவர்கள் கூறுவது இதையே. அடித்துக் கறப்பவர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கடைசியில் இறங்கும் பாலிலேதான் கொழுப்பு அதிகம். மடியிலே தங்கிவிடுவதும் அதுவே. நாள்தோறும் இவ்வாறு பால் தங்குமாயின் பசு விரைவில் வற்றிவிடும்.

இனி, அக்கன்றுகள் ஏன் இறந்தன? நோயினால் இறந்தவை சில; பால் முழுவதும் விலையாகிவிட, வயிறு காய்ந்து இறந்தவை பல. காளைக் கன்றுக்குப் பட்டணத்தில் வேலையும் இல்லை. பிற்பாடு வைக்கோலைக் கொண்டு தாயை ஏய்த்ததினும், பாலுக்குரிய உயிரைப் பட்டினியிட்டதே பெருங்குற்றம் என்பது நமது அபிப்பிராயம்.

இதனினும் கொடியது பூக்கா. பால் இறங்கும்பொருட்டுப் பசுவின் கருவாய்க்குள் காற்றை ஊதும் முறை அது. அடையாற்றில் 1936-இல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952-இல் ராஜ்யசபைக்கு நியமிக்கப்பட்டபின், பிராணிகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்க மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அதன் பயனாக 1960-இல் சர்க்காரே சட்டம் இயற்றியது. 1962-இல் அமைந்த பிராணிகள் நலவாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பூக்காவும், 1982-ஆம் வருஷத் திருத்தத்தின்படி, பால் பெருகும்பொருட்டுக் கறவை மாட்டுக்குக் கேடு விளைக்கும் மருந்தை ஊசியிற் செலுத்துவதும் குற்றங்கள். இவற்றுக்கு 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டு வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாடும் சர்க்காரைச் சேரும். தொழுவங்களில் ஆக்ஸிடோசின் ஊசி போடப்படுவதாகத் தெரிந்தால் கிராம அதிகாரிகள் போலீஸாருக்கும் கால்நடை வைத்தியருக்கும் உடனே தெரிவிக்கவேண்டும்.

பிறந்த கன்றுக்குச் சில மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டவேண்டும். பிறகு, அதன் எடையிற் பத்தில் ஒரு பங்கு பால் தினமும் அதற்கு உரியது. கறப்பவர் ஒருவராகவே இருத்தலும், வேளை தவறாமையும், தொழுவத்தில் நாயும் கூச்சலும் இல்லாமையும் நலம். மடியைக் கழுவியபின் தாமதியாமல் ஏழு நிமிஷத்துக்குள் கறந்து முடிக்கவேண்டும். சினைக் கிடாரியை ஈனுவதற்கு முன்னரே மடியைத் தடவிக் கைக்குப் பழக்குதல் வேண்டும். இவ்வாறு பழகிய பசு, பின்னர்க் கன்று இறக்க நேரினும், தவிட்டையும் பிண்ணாக்கையும் முன்னே வைத்தால் பெரும்பாலும் பால் விடும். கன்றிழந்த பசு சில நாட்கள் கதறிக்கொண்டும் தீவனத்தில் நாட்டமின்றியும் நிற்கும். அந்நாட்களில் கறக்கும் ஆளையும் கட்டுத்தறியையும் மாற்றலாகாது.