முற்றத்து மின்சாரம்

நுழையும்முன்

கிணற்றடி, மொட்டைமாடி, வாசற்புறம், தோட்டம் என வீட்டின் வெளிப்புறங்களிலும் இன்று மின்சாரம் தேவைப்படுகிறது. வெயிலும் மழையும் படும் இடத்திற்கு அதனைக் கொண்டு செல்லும் கம்பியையும், கம்பியைக் காக்கும் குழாயையும் தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று ஒருவர் மோட்டாரின் சுவிட்சைத் தொடுகிறார். உலர்ந்த தோல் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கும்; நனைந்த உடலின் மின்தடையோ ஏறத்தாழ 1000 ஓம் அளவிற்கு இறங்கிவிடும். நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். வகுத்துப் பார்த்தால் 230 மில்லி ஆம்பியர் உடல்வழியே பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க இதனினும் மிகக் குறைந்த மின்னோட்டமே போதும். வீட்டுக்குள் சிறு குறையாக இருப்பது வெளிப்புறத்தில் உயிரைப் பறிக்கும் குறையாவது இதனால்தான்.

முதலில் கம்பியைக் காண்போம். கம்பி சூடேறாமல் தாங்கினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் பாதிதான் சரி. வீட்டின் மின்பலகையிலிருந்து கிணறு 40 மீட்டர் தொலைவில் உள்ளது என்க. அங்கே ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 7 ஆம்பியர் எடுக்கும். இதனை 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே சூடேறாமல் தாங்கிவிடும். ஆனால் மின்னோட்டம் சென்று திரும்பும் மொத்தத் தொலைவு 80 மீட்டர். அவ்வளவு நீளத்திற்கு அக்கம்பியின் மின்தடை சுமார் 1.4 ஓம். மோட்டார் ஓடும்போது 10 வோல்ட் வழியிலேயே வீணாகும். அதுகூடப் பெரிதன்று. புறப்படும் நொடியில் மோட்டார் ஐந்து மடங்கு மின்னோட்டத்தை இழுக்குமானால், இழப்பு 48 வோல்ட் ஆகிவிடும். மோட்டாரின் சுழற்றும் விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. ஆகவே மீதமுள்ள 182 வோல்ட்டில் அதன் விசை ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கும். மோட்டார் முனகும், சுழலாது, சுருள் கருகும். பழியோ மோட்டாரின்மேல் விழும். அதே இடத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை இட்டிருந்தால், புறப்படும்போது இழப்பு 19 வோல்ட்டோடு நின்றிருக்கும். 4 சதுர மில்லிமீட்டர் எனில் 12 வோல்ட்.

மூத்த மின்பணியாளர்கள் இன்றும் ‘3/20’, ‘7/20’ என்றே கம்பி கேட்பர். 20ஆம் எண் தடிமன் உள்ள இழைகள் மூன்று அல்லது ஏழு சேர்ந்தது என்பது அதன் பொருள். முன்னது ஏறத்தாழ 2 சதுர மில்லிமீட்டர். பின்னது நாலரைக்குச் சற்று மேல். இந்த வழக்கு தவறன்று. இன்றைய அளவோடு ஒப்பிட அறிந்திருந்தால் போதும். விலை குறைவென்று அலுமினியக் கம்பியை நாடுவோர், ஒரே தடிமனில் அதன் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் என்பதையும், இணைப்புகளில் அது எளிதில் தளரும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எந்தக் கம்பியாயினும் அதன் மேலுறை வெயிலை நேராக ஏற்கக் கூடாது. துணிக்கொடியில் சுற்றியும் முருங்கைக் கிளையில் மாட்டியும் இழுக்கப்படும் இரட்டைக் கம்பிகளை எத்தனையோ வீடுகளில் காண்கிறோம். சில கோடைகளில் அவற்றின் உறை வெடித்து, செம்பு வெளியே தெரியும். இங்கேதான் குழாய் உதவுகிறது.

பி.வி.சி. குழாய் துருப்பிடிக்காது, மின்சாரத்தைக் கடத்தாது, கடலோர ஊர்களுக்கு மிகவும் ஏற்றது. எனினும் மெல்லிய சுவருள்ள மலிவுக்குழாய் வெயிலில் நொறுங்கும். தடித்த வகையையே வாங்க வேண்டும். இரும்புக்குழாய், மண்வெட்டி படக்கூடிய இடத்திலும் எலி கடிக்கும் இடத்திலும் நன்கு காக்கும். ஆயின் உப்புக்காற்றில் அரிபடும். அதனைப் புவியுடன் கட்டாயம் இணைக்க வேண்டும். இல்லையேல் உள்ளே ஒரு கம்பி உராய்ந்து உறை கிழிந்ததும் குழாய் முழுவதும் மின்னேறிவிடும். குழாயின் உட்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கம்பிகளைத் திணிப்பதும் தவறு. வெப்பம் வெளியேறாது, இழுக்கும்போது உறையும் கீறும்.

குழாய்க்குள் நீரே புகாமல் அடைத்துவிட முடியும் என்று நம்புவதைவிட, புகுந்த நீர் வெளியேற வழி செய்வதே அறிவுடைமை. பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறி மாறி வருவதால், மூடிய குழாயிலும் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும். ஆகவே குழாயைச் சற்றுச் சாய்வாக அமைத்து, சாக்கெட் பெட்டிக்குள் மேலிருந்து நுழைக்காமல் அடிப்புறமாக நுழைப்பர். பெட்டியின்மேல் ‘ஐபி 55’ போன்ற குறியீடு இருக்கும். முதல் இலக்கம் தூசியைத் தடுக்கும் அளவு. இரண்டாவது நீரைத் தடுக்கும் அளவு. இரண்டாம் இலக்கம் 4 எனில் தெறிக்கும் நீரையும், 5 எனில் பீய்ச்சும் நீரையும் தாங்கும். செருகியைச் செருகியபின்னும் மூடி மூடுமாறு இருக்க வேண்டும் என்பதைக் கடையிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

மண்ணுக்கடியில் கொண்டு செல்வதாயின் இரும்புக் கவசமுள்ள கேபிளே தக்கது. ஏறத்தாழ இரண்டரை அடி ஆழத்தில், மணற்படுகையின்மேல் கிடத்தி, செங்கல் பரப்பி மூடுவர். பின்னாளில் தோண்டுபவர்க்கு அச்செங்கல்லே எச்சரிக்கை.

இவ்வளவும் செய்தபின்னும் ஒரு குறை எஞ்சுகிறது. மின்பலகையில் 16 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கிறதே என்பர். அது கம்பியைக் காப்பது, மனிதரை அன்று. நனைந்த உடலில் பாயும் 230 மில்லி ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. புவி இணைப்பின் மின்தடை 20 ஓம் இருக்குமானால், மோட்டாரின் உடலில் மின்கசிவு ஏற்பட்டாலும் 11.5 ஆம்பியர்தான் பாயும், எம்.சி.பி. அசையாது. ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பானோ, சென்ற மின்னோட்டத்தையும் திரும்பிய மின்னோட்டத்தையும் ஓயாது ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் இணைப்பை அறுத்துவிடும் வகையை வெளிப்புறச் சாக்கெட்டுகளுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் முகப்பில் ‘டி’ என்று பொறித்த சிறு பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதனை அழுத்த வேண்டும். உடனே மின்சாரம் நின்றால் கருவி நலமாக உள்ளது. நிற்காவிட்டால் அன்றே மாற்ற வேண்டும்.