ஒரே ஆட்டம், இரண்டு கணக்கு

பள்ளி விளையாட்டுப் போட்டியில் நடுவர் ஒரு முடிவு சொல்கிறார். சிவப்பு இல்லத்தினர் "சரியான தீர்ப்பு" என்று கைதட்டுகிறார்கள். நீல இல்லத்தினர் "அநியாயம்!" என்று கத்துகிறார்கள். இரு தரப்பும் நின்றது ஒரே திடலில். பார்த்தது ஒரே ஓட்டத்தை. யாரோ பொய் சொல்கிறார்கள் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். ஆனால் பெரும்பாலும் இரு தரப்பும் தங்கள் கண்ணில் பட்டதைத்தான் சொல்கின்றன. அது எப்படி முடியும்?

இந்தக் கேள்விக்கு உளவியல் அறிஞர்கள் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே விடை தேடத் தொடங்கிவிட்டார்கள்.

விடுபட்ட பகுதி எங்கே?

1951 நவம்பர் 23. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் டார்ட்மத் கல்லூரியும் அமெரிக்கக் காற்பந்தில் மோதின. ஆட்டம் முரட்டுத்தனமாக இருந்தது. பிரின்ஸ்டனின் நட்சத்திர ஆட்டக்காரர் டிக் காஸ்மையருக்கு மூக்கு உடைந்தது. சிறிது நேரம் கழித்து டார்ட்மத் ஆட்டக்காரர் ஒருவரின் கால் முறிந்தது. பிரின்ஸ்டன் 13-0 என்று வென்றது. ஆனால் ஆட்டம் முடிந்த பிறகும் சண்டை முடியவில்லை. இரு கல்லூரிகளின் மாணவர் இதழ்களும் எதிரணியைக் குறைகூறி எழுதின.

டார்ட்மத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃபும் பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஹாட்லி கேன்ட்ரிலும் இதை ஆராய முடிவு செய்தனர். அந்த ஆட்டத்தின் படத்தை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினர். விதிமீறல்களைக் கண்டால் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

பிரின்ஸ்டன் மாணவர்கள் டார்ட்மத் அணி செய்ததாகச் சராசரியாக 9.8 விதிமீறல்களைக் குறித்தார்கள். தங்கள் அணிக்கு 4.2 மட்டுமே. டார்ட்மத் மாணவர்களோ தங்கள் அணிக்கு 4.3, பிரின்ஸ்டனுக்கு 4.4 என்று குறித்தார்கள். ஒரே அணி, ஒரே படம். ஆனால் ஒரு தரப்பு கண்ட தவறுகள் மறுதரப்பு கண்டதைப்போல் இரு மடங்குக்கும் மேல்!

1954-இல் வெளிவந்த அந்த ஆய்வுக் கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. டார்ட்மத் முன்னாள் மாணவர் ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்தார். தம் அணி செய்ததாக ஊரெல்லாம் பேசப்பட்ட தவறுகள் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. படத்தை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து, விடுபட்ட பகுதியை அனுப்பும்படி தந்தி அடித்தார்!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உடைந்த மூக்கும் உண்மை, முறிந்த காலும் உண்மை. மனக்குறை என்பது பல நேரங்களில் உண்மையான காயத்திலிருந்துதான் பிறக்கிறது. ஆனால் நம் மனம் நம்மவர் பட்ட அடியை எண்ணும் வேகத்தில், நம்மவர் கொடுத்த அடியை எண்ணுவதில்லை.

"நாம்" என்பது எப்படி உருவாகிறது?

இவ்வளவுக்கும் நீண்ட காலப் பகை வேண்டுமா? ஹென்றி தாஜ்ஃபெல் என்ற அறிஞர் இதைச் சோதித்தார். போலந்தில் பிறந்த யூதரான இவர், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்து உயிர் பிழைத்தவர். திரும்பி வந்தபோது அவருடைய குடும்பத்தினர் கொல்லப்பட்டிருந்தனர். மனிதர்கள் பிற குழுவினரை ஏன் வெறுக்கிறார்கள் என்ற கேள்வி அவருக்கு வெறும் பாடநூல் கேள்வியாக இருக்கவில்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயது மாணவர்களைக் கொண்டு அவர் நடத்திய ஆய்வு 1970-இல் வெளியானது. பால் கிளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களில் யாருடைய படம் பிடித்திருக்கிறது என்று கேட்டு மாணவர்களைப் பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில்தான். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுகூட எவருக்கும் தெரியாது. பிறகு, முகம் தெரியாத மற்ற மாணவர்களுக்குப் பணம் பங்கிடச் சொன்னார்கள்.

மாணவர்கள் தங்கள் குழுவுக்கே சாதகமாகப் பங்கிட்டார்கள். அதைவிட வியப்பு ஒன்று உண்டு. தங்கள் குழுவுக்கு மொத்தத்தில் குறைவாகக் கிடைத்தாலும், மற்றக் குழுவைவிடக் கூடுதலாக இருக்கும் பங்கீட்டையே பலர் விரும்பினார்கள். "நமக்கு எவ்வளவு?" என்பதைவிட "அவர்களைவிட எவ்வளவு?" என்பது பெரிதாகிவிட்டது.

ஓர் ஓவியத்துக்கே இப்படியென்றால் மொழி, இனம், சமயம், கட்சி என்று வரும்போது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

லாரியை இழுத்த கயிறு

நல்ல செய்தியும் இருக்கிறது. துருக்கியில் பிறந்த முசாஃபர் ஷெரீஃப் 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் கோடைக்கால முகாம் ஒன்றை நடத்தினார். 11, 12 வயதுடைய 22 சிறுவர்கள் 'கழுகுகள்', 'விரியன்கள்' என இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். பரிசுக்காகப் போட்டிகள் தொடங்கியதும் வசைமொழி கிளம்பியது, கொடி எரிந்தது, ஒரு குழுவின் தங்குமிடத்துக்குள் மற்றக் குழு புகுந்தது.

இரு குழுக்களையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். பகை தணியவில்லை, உணவை ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள்! பிறகு ஆய்வாளர்கள் வழியை மாற்றினார்கள். முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றது. உணவு வாங்கப் போகவேண்டிய லாரி கிளம்ப மறுத்தது. எல்லாம் திட்டமிட்டவைதான். ஆனால் தனி ஒரு குழுவால் எதையும் தீர்க்க முடியாது. முன்பு கயிறு இழுக்கும் போட்டியில் எதிரெதிராகப் பிடித்த அதே கயிற்றை லாரியில் கட்டி, இரு குழுவினரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படிப் பல வேலைகளுக்குப் பிறகு பகை கரைந்தது. வீடு திரும்பும்போது ஒரே பேருந்தில் போக விரும்பினார்கள்.

இந்த ஆய்வைக் குறைகூறுவோரும் உண்டு. பகையைத் தூண்டியதே ஆய்வாளர்கள்தான் என்பது அவர்கள் வாதம். அதற்கு முந்தைய ஆண்டு, 1953-இல், ஷெரீஃப் நடத்திய முகாமில் பையன்கள் முதலில் ஒன்றாகப் பழகி நண்பர்களானார்கள்; அதன் பிறகே பிரிக்கப்பட்டார்கள். அங்கே அவர்களை எவ்வளவு சீண்டியும் நினைத்தபடி சண்டை வரவில்லை. முகாம் பாதியில் கைவிடப்பட்டது. ஆக, முன்பே பூத்த நட்பைப் பிரிப்பது எளிதல்ல. பிரிவினை பெரிதாகும் இடங்களில் அதைத் தூண்டுபவர் யார், அதனால் அவருக்கு என்ன ஆதாயம் என்றும் நாம் கேட்கவேண்டும்.

செய்து பாருங்கள்

வெவ்வேறு அணிகளை ஆதரிக்கும் இரு நண்பர்களை அழையுங்கள். அந்த இரு அணிகளும் மோதிய காற்பந்து ஆட்டத்தின் பதிவில் 15 நிமிடங்களைத் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள். இரு அணிகளின் விதிமீறல்களையும் தாளில் குறிக்கட்டும். பிறகு இரு தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

அடுத்த முறை, "அவர்கள் நமக்குச் செய்த கொடுமையைப் பாருங்கள்" என்று ஒரு காணொளி உங்கள் புலனக் குழுவுக்கு வரும்போது, பகிர்வதற்கு முன் அந்த இரு தாள்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காயம் உண்மையாகவே இருக்கலாம். அதைப் பேசவும் வேண்டும். கூடவே, மறுதரப்பில் இருக்கும் உங்கள் நண்பரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் நீ என்ன பார்த்தாய்?"