புள்ளி தப்பாத அச்சு

எஸ்பிஎம் முடிவு வந்ததும் நம் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். மருத்துவமா, பொறியியலா, கணக்கியலா? இவற்றுக்கு நடுவே ஒரு பிள்ளை ‘கிராஃபிக் டிசைன்’ என்று வாய் திறந்தால் வீடே அமைதியாகிவிடும். நெல்வயலும் பழைய தோட்டங்களும் சூழ்ந்த பாகான் செராயில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். “ஏம்மா, படம் வரைஞ்சு சோறு சாப்பிட முடியுமா?” என்று பெரியம்மா கேட்டார். இன்று அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: “கைப்பேசியிலேயே அட்டை செய்யலாமே, இதற்கு எதற்கு டிப்ளோமா?”

தொழில்நுட்பக் கல்லூரியில் கிராஃபிக் வடிவமைப்பும் அச்சுத் தயாரிப்பும் படித்து, இப்போது அச்சகத்தில் வேலை செய்கிறவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வரைவது இந்தப் படிப்பில் பாதி. வரைந்ததைத் தாளில் பிசகாமல் கொண்டுவருவது மறுபாதி. எனக்கு வேலை கிடைத்தது அந்த மறுபாதியால்தான்.

முதல் பாடம் நிறம். திரை ஒளியால் ஆனது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கலந்து நிறம் காட்டும். அச்சு இயந்திரத்தில் இருப்பது மை: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. கைப்பேசியில் மின்னும் பச்சை, தாளில் மங்கித்தான் வரும். இது தெரியாமல் வேலை எடுத்தால், அட்டையை ஒப்படைக்கும் நாளில் வாடிக்கையாளரோடு வாக்குவாதம்தான்.

அடுத்தது அளவு. ஏ5 அளவு அட்டை முழுக்க ஒரு படம் தெளிவாக அச்சாக, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஏறக்குறைய 1748க்கு 2480 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த கல்யாணப் படம் ஏன் மங்கலாகிறது என்பதற்குக் காரணம் இதுதான். ஓரம் வரை நிறம் இருந்தால், வெட்டும் கத்தி சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாதபடி, நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும்.

பிறகு பக்க அடுக்கு. ஒரு தாளை இரண்டு முறை மடித்து, 1 முதல் 8 வரை எண் போட்டுப் பிரிக்கச் சொன்னார் எங்கள் ஆசிரியர். 1க்குப் பக்கத்தில் 8, 2க்குப் பக்கத்தில் 7. சில எண்கள் தலைகீழாக நின்றன. நடுவில் தைக்கும் புத்தகத்தின் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும். கோயில் திருவிழா மலருக்குக் கடைசி நேரத்தில் “ஒரே ஒரு பக்கம் சேருங்கள்” என்றால் அச்சகத்தார் முகம் ஏன் மாறுகிறது என்பது அன்றுதான் புரிந்தது.

இதெல்லாம் எந்த மொழிக்கும் பொது. தமிழுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். கறுப்புப் பின்னணியில் சிறிய வெள்ளை எழுத்து வைத்தால், மை பரவிப் புள்ளி அடைந்துபோகும். ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். ‘கோ’ போன்ற எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால். மென்பொருள் அதைச் சரியாக அடுக்க வேண்டும். இன்டிசைனில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் எழுத்து உடைந்து நிற்கும். நல்ல எழுத்துருக்களுக்குப் பஞ்சமில்லை. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். அவருடைய இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது. அவற்றைச் சரியாகப் பயன்படுத்தும் கைகள்தான் குறைவு.

தொழிற்பயிற்சிக்குப் போன அச்சகத்தில் என்னைத் தவிர யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. ஒருநாள் கருமக்கிரியை அழைப்பிதழ் ஒன்று வந்தது. கோப்பை மாற்றும்போது, மறைந்த அம்மாவின் பெயரிலேயே ஓர் எழுத்து உடைந்திருந்தது. பிளேட் போடுவதற்கு முன் கண்ணில் பட்டதால் நிறுத்தினேன். தவறாக அச்சானால் மறுபடி அச்சிடலாம்தான். ஆனால் காரியம் முடிந்த பிறகு அந்த அட்டை யாருக்கு? அந்த வாரம் முதல் தமிழ் வேலைகள் எல்லாம் என் மேசைக்கு வந்தன.

படிக்க வழிகள் பல. எஸ்பிஎம் முடித்தவர்கள் பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். நாட்டின் முதல் பாலிடெக்னிக் 1969-இல் நம் ஈப்போவில் தொடங்கிய உங்கு ஓமார்தான். ஆனால் கிராஃபிக் வடிவமைப்பு எல்லா வளாகங்களிலும் கிடையாது, பார்த்து விண்ணப்பியுங்கள். செய்முறையில் ஆர்வமுள்ளவர்களுக்கு மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் உண்டு. நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. டிப்ளோமா படிப்புக்கு பிடிபிடிஎன், திறன் பயிற்சிக்கு பிடிபிகே கடனுதவி பற்றி விசாரிக்கலாம்.

கல்லூரியைத் தேர்வு செய்யும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். சான்றிதழுக்கு எம்கியூஏ அல்லது திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் உண்டா? வளாகத்தில் ஓடுகிற அச்சு இயந்திரம் இருக்கிறதா, கணினி மட்டும்தானா? தொழிற்பயிற்சி எத்தனை மாதம்?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நோட்டுப் புத்தக ஓரத்தில் எழுத்துகளை அலங்கரித்துக்கொண்டிருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், முடிவெடுக்கும் முன் பக்கத்திலுள்ள அச்சகத்துக்கு ஒருநாள் அழைத்துப் போங்கள். இயந்திரச் சத்தத்துக்கும் மை வாசனைக்கும் நடுவே அரை மணி நேரம் நிற்கட்டும். வெளியே வந்ததும் பிள்ளை என்ன கேட்கிறது என்று கவனியுங்கள்.